ஆரஞ்சுக் குழாய்க்கு நேர் கீழே

என் அறைச் சுவரில் ஓர் ஆணியில் ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று தொங்குகிறது. குழாய் என்றுதான் நாங்கள் சொல்வோம். உண்மையில் அது தலையணை உறையை ஆள் உயரத்துக்கு நீட்டித் தைத்தது போன்ற ஒரு பை. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போகிறவர்கள், மேலே வருவதற்கு முன் இதற்குள் மூச்சை ஊதி, கயிற்றில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்தபடி முதலில் மேலே விடுவார்கள். அது தண்ணீருக்கு மேல் குத்திட்டு நிற்கும். இங்கே கீழே ஓர் ஆள் இருக்கிறது, விலகிப் போ என்று படகுகளுக்குச் சொல்வதற்காக.

கரமனையில் தகரம் வேய்ந்த மாடி அறை என்னுடையது. உச்சிவெயிலில் தகரம் காய்ந்ததும், சுவரில் சுருங்கிக் கிடக்கும் குழாய் மெல்ல உப்பத் தொடங்கும். மடிப்புகள் ஒவ்வொன்றாக நிமிரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது சோற்றுத் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டேன். உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்று சூட்டில் விரிகிறது, அவ்வளவுதான் என்று பிறகு புரிந்தது. ஆனால் அது யாருடைய மூச்சு என்று எனக்குத் தெரியும். அதனால் புரிந்தும் பயன் இல்லை.

அது டீச்சருடையது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கோவளத்துக்கு ஓட்டல் வேலைக்கு வந்த நான், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. பரிமாறும் வேலை சரிப்படாமல் ஒரு ஸ்கூபா கடையில் உடைகளை அலசிப் போடச் சேர்ந்தேன். அங்கே முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், வலியசாலை அக்ரகாரத்துப் பெண். என்னைப் படகில் காவலுக்கு உட்காரவைத்தது அவர்தான். எனக்கு விசில் ஊதவே கூச்சமாக இருக்கும் என்று சொன்னேன். "பேசவே வேண்டாம் அண்ணா. கண்ணை மட்டும் எடுக்காதீங்கோ. குழாய் எங்கேயோ, அதுக்கு நேர் கீழே நான்" என்றார்.

படகை ஓட்டியவரை எல்லோரும் ஸ்ராங்கு என்றுதான் கூப்பிடுவோம். விழிஞ்ஞத்து மீன்பிடிக் குடும்பம். வாய் ஓயாது. எங்கள் படகில் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட கொடி பறக்கும். ஆள் அடியில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். பக்கத்தில் போகும் சுற்றுலாப் படகுக்காரர்கள் வேகத்தைக் குறைக்காமலே, "இது ஏது பார்ட்டி அண்ணா? பிரிஞ்சு போன குரூப்பா?" என்று கேட்பார்கள். "ஜெயிச்சா உனக்கும் மந்திரி கொடுக்கான், போடே" என்பார் ஸ்ராங்கு. நான் சிரித்துக்கொண்டு குழாயைப் பார்த்திருப்பேன்.

அந்தக் கடலில் மிதப்பு என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். வலையின் தெர்மோகோல் துண்டு, பொறி போட்ட இடத்தில் எண்ணெய் கேன், இப்படி எது மிதந்தாலும் பக்கத்தில் போய், யாருடையது என்று பார்ப்பார்கள். அறுந்து வந்தது என்றால் எடுத்துக்கொள்வார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பழக்கம் அப்படி. விலகிப் போ என்று சொல்ல வந்த குழாய், அந்தக் கண்களுக்கு, வந்து பார் என்று சொன்னது. டீச்சருக்கு இது தெரியும். "நம்ம குழாய்க்கு இவாளோட பாஷை தெரியலை அண்ணா" என்று ஒருநாள் ஈர முடியைப் பிழிந்தபடி சொன்னார்.

அன்றைக்குக் கழக்கூட்டம் ஐடி பூங்காவிலிருந்து இரண்டு பையன்கள் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். மேலே ஏறும்போது ஒருவன் இடுப்பில் கட்டிய ஈயப் பட்டையை அடியில் தவறவிட்டுவிட்டான். தனியாக இறங்கக் கூடாது என்பது டீச்சரே தினமும் சொல்லும் விதி. "பட்டையை எடுத்துண்டு வந்துடறேன்" என்று அவர் தனியாக இறங்கினார். கொஞ்ச நேரத்தில் குழாய் மேலே வந்து நின்றது. பையன்களில் ஒருவன் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். சூரியன் தண்ணீரில் தகடாக மின்னியது. அந்த மின்னலுக்குள் படகுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய், குழாயை அடிக்கடி மறைத்தன.

பிறகு குழாய் நகர்ந்தது. நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டிருக்க, அது வடக்கே போனது. முதலில் மெதுவாக, பிறகு சாய்ந்தபடி வேகமாக. "டீச்சர் இது எங்க போறா?" என்றார் ஸ்ராங்கு. அந்த வேகத்தில் மனுஷரால் நீந்த முடியாது. குழாய் எங்கேயோ அதற்குக் கீழே அவர் என்றால், அவரை எது இழுத்துக்கொண்டு போகிறது? ஸ்ராங்கு இன்ஜினை முடுக்கினார். துரத்தினோம். கிட்டே போன பிறகுதான், முன்னால் போகும் சுற்றுலாப் படகின் பின்புறத்தில் குழாயின் கயிறு கட்டியிருப்பது தெரிந்தது.

படகுக்காரன் சின்ன வயசுக்காரன். பதறிவிட்டான். "சும்மா அறுந்து ஒழுகி வந்த சாமான்னு நெனச்சேன் அண்ணா. ஒரு இழு இழுத்தேன், ஏதோ பிடிச்ச மாதிரி இருந்தது, அப்புறம் விட்டுட்டது."

விட்டது யார் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஆழத்திலிருந்து சட்டென்று மேலே இழுபட்டால் நுரையீரல் கிழியும். கயிற்றை விடுவதைத் தவிர டீச்சருக்கு வேறு வழி இல்லை. குழாயை என் மடியில் போட்டார்கள். மூச்சு நிறைந்து விம்மிக்கொண்டிருந்தது. உயிருள்ள ஒன்றைத் தூக்கி வைத்திருப்பது போல இருந்தது. மூச்சு இங்கே இருந்தது. ஆள் எங்கே என்று தெரியவில்லை.

திரும்பி வந்தோம். கலங்கரை விளக்கத்தை ஒரு பெரிய பாறைக்கு நேர் வைத்து டீச்சர் இறங்கிய இடத்துக்கு ஸ்ராங்கு ஒரு குறி பிடித்திருந்தார். கோடு கிடைத்தது, கோட்டில் எந்த இடம் என்று கிடைக்கவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். அவர் துடுப்பை நீருக்குள் நிறுத்தி, அதன் மேல்நுனியில் காதை வைத்தார். மீன்கூட்டத்தின் இரைச்சலை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். "ஒண்ணும் கேக்கல்ல. இவன்மாரு இன்ஜினு சாத்தான் மாதிரி கத்துது" என்றார். சிலிண்டரில் காற்று முடிந்துகொண்டிருக்கும். அந்தப் படகுகளுக்கு நடுவே எங்காவது தலையைத் தூக்கினால், பார்ப்பதற்கு முன் சுழலும் இரும்பு வந்துவிடும். வராமல் கீழேயே இருந்தால்?

நான் எழுந்து நின்றேன். குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அது ஒரு யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் வந்து பார்ப்பார்களே என்பது மட்டும்தான் தலையில் இருந்தது. அதேபோல வந்தார்கள். ஒரு சுற்றுலாப் படகு, ஒரு மீன் வள்ளம், இன்னொரு சுற்றுலாப் படகு. "எந்தா அண்ணா, விக்கவா?" என்று ஒருவன் கேட்டான். "இன்ஜினை அணைடே, அடியில ஆளு கெடக்கு" என்றார் ஸ்ராங்கு. ஒவ்வொரு படகாக வாயை மூடியது. கடைசி இன்ஜினும் நின்றபோது உச்சிவெயிலில் கடல் முழுக்க அப்படி ஒரு அமைதி. அலை பலகையை நக்கும் சத்தம் மட்டும்.

ஸ்ராங்கு துடுப்பைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். ஓரிடத்தில் கை நின்றது. கண்ணை மூடியபடியே என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, நுனியை என் காதில் வைத்தார். மரத்துக்குள்ளிருந்து வந்தது. டங். டங். டங். கொஞ்சம் நிறுத்தம். மறுபடி டங். கத்திப் பிடியால் சிலிண்டரைத் தட்டும் சத்தம். மாணவர்களை அடியில் கூப்பிட டீச்சர் தட்டுவது அப்படித்தான். தூரம் தெரியவில்லை. யாரோ படகின் அடிப்பலகையைத் தட்டி, கதவைத் திற என்று கேட்பது போல இருந்தது.

சத்தம் தடித்த பக்கம் துடுப்பு போட்டுப் போனோம். குமிழிகள் கண்டோம். பிறகு கறுப்பு முகமூடி ஒன்று எங்கள் படகை உரசினாற்போல மேலே வந்தது. படகில் ஏற்றியபின் அவர் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "தலைக்கு மேல சத்தம் எந்தப் பக்கம்னு தெரியாம சுத்திண்டே இருந்தது அண்ணா. அப்புறம் ஒண்ணொண்ணா நின்னுது. நான்தான் போயிண்டு இருக்கேன், காது முதல்ல போறதுன்னு நெனச்சேன்" என்றார். அந்தச் சின்னப் படகுக்காரன் ஓரத்தில் நின்று அழுதான். "நீ பாவம்டா, எடுத்தது என் மூச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்" என்று அவனிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் டீச்சர் ஏதோ ஒரு தீவுக்கு வேலை மாறிப் போனார். போகும்போது, அன்றைக்குப் பிறகு யாரும் திறக்காமல் வைத்திருந்த குழாயை என்னிடம் கொடுத்தார். அடைப்பைத் திறந்து பாதிக்கு மேல் காற்றை விட்டவர், சட்டென்று நிறுத்தி மூடினார். "மிச்சம் இருக்கட்டும். இதை இனிமே மேலே விட எனக்குக் கை வராது." நானும் கடலை விட்டேன். இப்போது சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் சாமான் அடுக்குகிறேன். ஓணத்துக்கு அவர் போன் பண்ணுவார். "இப்பவும் பேச்சு வரலையா அண்ணா?" என்று சிரிப்பார். மேலே யார் காவல் இருக்கிறார்கள் என்று நான் கேட்க நினைப்பேன். வாய் வராது.

கடை விடுமுறை நாள்களில் உச்சிவெயிலுக்கு நான் அறையில்தான் இருப்பேன். தகரம் மெல்லச் சடசடக்கத் தொடங்கும். குழாய் மடிப்பு விரிந்து, ஆணியில் லேசாக ஆடி, நிமிரும். அந்த நேரம்தான் அவர் எங்கோ தண்ணீருக்கு அடியில் இருக்கும் நேரம். சோற்றைத் தள்ளி வைக்கிறேன். வெயில் தாழ்ந்து அது மறுபடி சுருங்கும்வரை கண்ணை எடுப்பதில்லை.