பம்ப் சீல் இல்லை

ரந்தாவ் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் பார்த்த புனிதனிடம் எதையும் லேசில் வாங்கிவிட முடியாது. கம்பெனியின் இன்னொரு ஆலையிலிருந்து பம்ப் சீல் கேட்டுப் போன் வந்தால், சீலைக் கையில் வைத்துக்கொண்டே "இல்ல லா" என்பார். கூசவே மாட்டார். கொடுத்தது திரும்பி வராது என்று எல்லா ஸ்டோர்காரர்களுக்கும் தெரியும். அதனால் நல்ல சாமான்களை வேறு பெயரில் பதிந்து ஒளித்து வைப்பது ஆலைக்கு ஆலை நடக்கிற வேலைதான். புனிதனின் அலமாரியில் பம்ப் சீலுக்குப் பெயர் 'பழைய வாஷர்', புது பேரிங்குக்குப் பெயர் 'கழிவு இரும்பு'.

இந்தக் கூத்தால் கம்பெனி ஒரே சாமானைத் திரும்பத் திரும்ப வாங்கிக் குவித்தது. கடைசியில் விழித்துக்கொண்டது. எல்லா ஆலைக்கும் ஒரே பட்டியல், ஒரு சாமானுக்கு ஒரே பெயர், ஒரே எண். அதைச் செய்து முடிக்க சிரம்பான் ஆபீசிலிருந்து ரோகினி வந்தாள். புனிதனின் மனைவி திலகாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள்.

புனிதனுக்கு ஒரே பயம்தான். ஸ்டோரை மூடிவிட்டால் இந்த வயதில் எங்கே போவது?

"உண்மையச் சொல்லிடுங்க மாமா. கணக்கு சுத்தமா இருக்கற ஸ்டோர எதுக்கு மூடப் போறாங்க?" என்றாள் ரோகினி. அவள் நம்பித்தான் சொன்னாள், பாவம்.

புனிதன் அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து நிஜப் பெயரைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே மனம் லேசானது. அன்று வீட்டில் திலகாவிடம் சிரித்துப் பேசினாராம்.

பட்டியல் முடிந்ததும் மேலிடம் பார்த்தது. புனிதனிடம் இருந்ததெல்லாம் மற்ற ஆலைகளிலும் இருந்தது. சாமான்களைக் கம்பெனியின் போர்டிக்சன் சாலைக் கிடங்கில் சேர்த்துவிட்டு இந்த ஸ்டோரை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ரோகினி போனில் அழுதாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மாமா."

"உன்மேல தப்பு இல்லம்மா," என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

இப்போது அதே ஆலை வாசலில் அவருக்கு ஜாகா வேலை. லோரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும்.

இன்னொரு ஆலையின் ஃபிட்டர் சுகுமாறன், காலில் அடிபட்டு நெடுநாள் வீட்டில் கிடந்தவன், நேற்றுதான் வேலைக்குத் திரும்பினான். விஷயம் தெரியாமல் பழையபடி புனிதனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, பம்ப் சீல் ஒன்னு இருக்கா? அவசரம் லா."

"இல்லப்பா."

"எப்பவும் இதத்தானே சொல்வீங்க! அலமாரியில ஒளிச்சு வச்சிருப்பீங்க, எடுங்கண்ணே."

"சத்தியமா இல்லப்பா," என்றார் புனிதன்.

சுகுமாறன் சிரித்தான். அவன் நம்பவில்லை.