வடக்குக் கயிறு

இறக்கக்கண்டிக் கரையில் ஜெமீல் என்றால் வடக்குக் கயிறு. கரைவலைக்கு இரண்டு கயிறு; இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்தால்தான் வலை கரைசேரும். கரையோ கடலை நோக்கிச் சரிந்து கிடக்கும். வடக்குக் கயிற்றைப் பிடிப்பவன் கடல் இடப்பக்கம் இருக்கத் தெற்கே பார்த்து நிற்பதால் அவனது வலதுகால் மேட்டில் இருக்கும், இடதுகால் பள்ளத்தில் இருக்கும். ஜெமீலின் வலதுகால் கட்டையாகிப்போன போலியோக் கால். அதனால் அது அவனுக்கென்றே ஒதுக்கிய இடம். ஒதுக்கியவர் வலைக்குச் சொந்தக்காரரான அவனது அண்ணன், அலியார் காக்கா. "காக்கா இல்லாட்டி நான் பள்ளிவாசலடியில கையேந்தியிருப்பன்" என்று கேட்டவரிடமும் கேளாதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான் ஜெமீல், நாற்பது வருடமாக.

மூன்று வயதில் காய்ச்சல் வந்து கால் சூம்பியது. பாதம் உள்ளே திரும்பிப் போக, பதினாலு வயதுவரை பாதத்தின் ஓரத்தால்தான் நடந்தான். பிறகு கண்டி ஆஸ்பத்திரியில் அறுத்து, பாதத்து எலும்புகளை ஒன்றோடொன்று பொருத்தி நேராக்கினார்கள். பெருநாளைக்கு அவன் இரண்டு காலிலும் செருப்புப் போட்டுப் போனதைப் பார்த்து உம்மா அழுதே விட்டார். அந்தக் காலுக்கு இனி ஒரு குறையும் வராது என்று வீடே நம்பியது.

குறை கணுக்காலில் வந்தது. ஐம்பது வயதானதும் முதலில் வீக்கம், பிறகு உள்ளே நறநறவென்று உரசல், பிறகு இரண்டெட்டு வைப்பதற்கே பல்லைக் கடிக்க வேண்டிய நிலை. போன பருவம் முழுக்கத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இழுத்தான். இந்தப் பங்குனியில் வலை இறங்குமுன் காலைச் சரிப்படுத்தாவிட்டால் வடக்குக் கயிறு வேறொருவன் கைக்குப் போய்விடும். வேறு தொழில் தெரியாதவனுக்கு அது சின்னப் பயமா?

மகள் மின்ஹா அவனைத் திருகோணமலைக்குக் கூட்டிப் போனாள். உம்மா அலுமாரியில் பத்திரப்படுத்தியிருந்த பழைய கண்டி அட்டையையும் எடுத்துக்கொண்டாள். டொக்டர் கிருஷாந்த் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார்.

"பாதத்து மூட்டுகளைப் பொருத்தினபடியால் அது பக்கத்துக்குச் சரியாது ஐயா. மேடு பள்ளத்துக்குச் சரியிற வேலை முழுக்க உங்கட கணுக்கால்தான் செய்திருக்கு. என்ன தொழில் செய்யிறீங்கள்?"

"கரைவலை. நாப்பது வருஷம். ஆனா எப்பவும் வடக்குக் கயிறுதான், லேசான பக்கம்."

"ஒரே பக்கமாச் சரிஞ்சு நிண்டுதான் அந்தப் பக்கம் முழுக்கத் தேஞ்சு போயிருக்கு. இனிக் கணுக்காலையும் பொருத்தினால்தான் நோ நிற்கும். அதுக்குப் பிறகு கயிறு இழுக்க ஏலாது." அட்டையைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "இதில அப்பவே எழுதியிருக்கே. மணலில வேலை வேண்டாம், இருந்து செய்யிற தொழில் பழக்குங்கோ எண்டு. கூட வந்த தமையனுக்கு விளங்கப்படுத்தினதாகவும் இருக்கு."

அட்டை ஆங்கிலத்தில் இருந்தது, அதுவும் டொக்டர் கையெழுத்தில். வீட்டில் ஒருவருக்கும் அது விளங்காது. அன்று கூடப் போன அலியார் மட்டும் அதைக் காதால் கேட்டிருந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஜெமீல் மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கரைக்கு நடந்தான். அலியார் வலை வைக்கும் ஓலைக் கொட்டிலான வாடிக்குள் தனியாக வலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டியில டொக்டர் ஒங்களிட்ட என்ன சொன்னாரு காக்கா?"

எந்த டொக்டர், எப்போது என்று அலியார் கேட்கவில்லை.

"வாப்பா மௌத்தாகி நாலு மாசம்டா. கயிறு புடிக்க ஆளில்ல. சொல்லியிருந்தா உம்மா ஒன்ன விட்டிருப்பாவா? அதுக்குத்தானே லேசான பக்கத்தத் தந்தன்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"இப்ப என்ன கெட்டுப் போச்சு? இனி இழுக்காத. வாடியில இருந்து கிழிஞ்ச வலை பொத்து. இருந்து செய்யிற வேலைதானே."

ஜெமீலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினாலு வயதில் தரவேண்டியதை ஐம்பத்துநாலில் தருகிறார். அதையும் தர்மம் போலத் தருகிறார். காலைவிட அந்த நாற்பது வருட நன்றிதான் அவனுக்கு அதிகம் வலித்தது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இந்த மனிதனுக்காகத் துஆக் கேட்ட வாய் இது.

"இனி ஒங்கட வாடிப் பக்கமே வரமாட்டன்" என்று சொல்லித் திரும்பினான். நாலெட்டு வைத்திருப்பான். கால் மணலில் புதைந்தது, கணுக்கால் மடங்கியது, முழங்காலில் விழுந்தான். கையூன்றி எழும்பப் பார்த்தான், முடியவில்லை. இன்னொரு தரம் பார்த்தான். றோட்டு நூறு கெஜத் தூரத்தில் இருந்தது. கரையில் வேறு ஒருவரும் இல்லை.

அலியார் வந்து குனிந்து தோளைக் கொடுத்தார். ஜெமீல் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு றோட்டுவரை நடந்தான்.