வலிப்புக்காரி

தையல் கடையில் பொய்க்குப் பஞ்சமே கிடையாது. துணியை வெட்டவே இல்லை என்றாலும் முதலாளி வாசலைப் பார்த்து, “பட்டன் மட்டும்தான் கட்டணும், நாளைக்கு வாங்க” என்பார். கேட்டால், “இது பொய் இல்லம்மா, சமாளிப்பு” என்பார். துணி வெட்டும் கட்டிங்கக்கா சிரித்துக்கொண்டே கத்திரியை ஓட்டுவாள். வாடிக்கையாளர் விடும் ரீலும் முதலாளி அடிக்கும் உருட்டும் யார் குடியையும் கெடுப்பதில்லை என்பது அவள் கணக்கு.

அவளுக்கு ஒரு காலத்தில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை. திடீரென்று அவர்கள் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவரையே கட்டிக்கொண்டவள், அப்போது அதே கடையில் காலர் தைத்துக்கொண்டிருந்த சுருட்டை. கட்டிங்கக்காவோடு ஒரே டப்பாவில் சாப்பிட்ட சிநேகிதி. “எனக்கே தெரியாமப் பேசி முடிச்சிட்டாங்கடி” என்று அழுதாள். இவள்தான் கண்ணைத் துடைத்துவிட்டு, கல்யாண ரவிக்கையும் தைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு வந்த வரன்களெல்லாம் வந்த சுவடு தெரியாமல் போயின.

வருஷங்கள் கழித்து, பட்டறைக்காரரின் தங்கை அளவு கொடுக்க வந்தாள். கை தூக்கி நின்றவள், பரிவாகத்தான் கேட்டாள்:

“அக்கா, இப்பெல்லாம் உங்களுக்கு வலிப்பு வர்றதில்லையா?”

கட்டிங்கக்கா அளவு நாடாவைக் கீழே இறக்கினாள். “யாருக்கு?”

“உங்களுக்குத்தான். கத்திரியோட விழுந்துடுவீங்கன்னு அண்ணி அப்பவே சொன்னாங்களே. அம்மாகூட எல்லார்கிட்டயும் சொல்லி வருத்தப்படுவாங்க.”

அன்று சாயங்காலமே கட்டிங்கக்கா சுருட்டையின் சமையலறையில் நின்றாள். சுருட்டை முதலில், “யாரோ கதை கட்டிவிட்டிருக்காங்க” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “அவரை ரொம்பப் பிடிச்சுப் போச்சுடி. புத்தி கெட்டுப் போய் வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத, உன் கால்ல விழறேன்.”

“சொல்ல மாட்டேன். ஆனா அடிக்கடி வருவேன்.”

வந்தாள். லீவு நாளானால் போதும், நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கூடத்து நாற்காலியில் அவருக்கு நேர் எதிரே உட்காருவாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்…” என்று ஆரம்பிப்பாள். உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். “சரி, இன்னொரு நாள் சொல்லிக்கலாம்” என்று எழுந்துகொள்வாள். சுருட்டைக்குச் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. கட்டிங்கக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம் சுருட்டையே கடைக்கு வந்துவிட்டாள். கண்கள் வீங்கியிருந்தன.

“நானே அவர்கிட்ட சொல்லிட்டேன். சிரிக்கிறார்டி! அது பொய்னு அப்பவே தெரியுமாம். உன்னைக் கழட்டிவிட ஒரு சாக்குத் தேடிட்டு இருந்தாராம், நானே கொண்டுபோய்க் கையில கொடுத்தேனாம்.”

கட்டிங்கக்காவுக்கு, ஒருத்தியை மட்டும் வெறுத்துக்கொண்டிருந்தது போதவில்லை என்று தோன்றியது. கத்திரியை மேசைமேல் வைத்துவிட்டு, “நட, உங்க வீட்டுக்கு” என்றாள்.

மாமியாரும், அன்றைக்கென்று வந்திருந்த தங்கையும் இருந்தார்கள். அவரும் இருந்தார். கட்டிங்கக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். “நீங்க ஊரெல்லாம் சொல்லி வருத்தப்பட்டீங்களேம்மா, அந்த வலிப்புக்காரி நான்தான். நல்லாப் பாத்துக்குங்க. ஒரு நாள்கூட விழுந்ததில்ல. பொய் சொன்னது உங்க மருமக. பொய்னு தெரிஞ்சே வாயை மூடிட்டு இருந்தது உங்க புள்ள.”

“பழைய கதையை ஏன் கிளறணும்?” என்றார் அவர், தரையைப் பார்த்து.

“உங்களுக்குப் பழசு. நான் அதுலதான் தினமும் குடியிருக்கேன்.”

கிழவி மகனைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். தங்கை அதோடு அண்ணன் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. அவர், “பட்டறையில வேலை அதிகம்” என்று சொன்னால், சுருட்டை ஆள் விட்டு விசாரிக்கிறாள். அவள், “தலைவலி” என்று படுத்தால், அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கிழவி இருவரோடும் பேசுவதில்லை.

“போதும்மா, விட்டுடு. சுருட்டை பாவம்” என்று முதலாளி ஒரு நாள் சொல்லிப் பார்த்தார்.

“அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு யாராவது வந்து சொன்னா, அன்னைக்கு நான் ரெண்டு கவளம் கூடச் சாப்பிடுறேன்” என்றாள் கட்டிங்கக்கா. “பாவம் பாக்க எனக்கு நேரமில்ல.”