படத்தாளில் விடுபட்ட முகம்

காலை ஆறே முக்காலுக்கு என் கணவரின் வலது கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், "தா... தா..." என்றுதான் வந்தது. எர்ணாவூரிலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ், கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டவே இருபத்தைந்து நிமிடம் ஆனது.

பக்கவாதம் என்றார்கள். கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. அஃபேசியா (மூளை பாதிப்பால் சொற்கள் வாய்க்கு வராத நிலை) என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார்.

"நாம பேசுறது அவருக்குப் புரியுதும்மா. சொல்லத்தான் வரலை. உங்க வீட்டுப் பொருளையே படமெடுத்து ஒட்டுங்க. தொட்டுக் காட்டுவாரு."

செல்போனில் எடுத்து, பிரிண்ட் போட்டு, இருபத்துநான்கு படங்களை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டிப் படத்தாள் செய்தேன். தண்ணீர், சோறு, கழிவறை, மின்விசிறி, மகள், மிக்சிகூட விடவில்லை.

தண்ணீரும் கழிவறையும் முதல் வாரமே சரியாக வந்தன. சோறுதான் சிக்கல். சாப்பிட்டு முடித்த பிறகும் சோற்றைத் தொடுவார். மறுபடி தட்டு வைத்தால் என் பக்கம் தள்ளிவிடுவார். "சோறு, மூன்று முறை. சாப்பிடவில்லை" என்று டைரியில் நேரத்தையும் குறித்து எழுதிவந்தேன். ஒன்பதாம் நாள் அட்டையையே வீசினார். புத்தியும் கலங்கிவிட்டதோ என்று பயந்தேன். அட்டையைப் பரண்மேல் போட்டுவிட நினைத்தேன்.

அன்று மாலை, துறைமுகத்தில் அவரோடு கிரேன் ஓட்டிய தாஸ் பார்க்க வந்தார். அட்டையை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"இன்னா அண்ணி, மிக்சிகூட கீது. நீ எங்க?"

"நான்தானே படம் எடுத்தேன்?"

"அதான் பேஜாரு. மாமு, உனுக்கு மிக்சி போதுமாம், அண்ணி வோணாமாம்!"

என் கணவர் கோணல் வாயோடு சிரித்தார். நோய் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

தாஸ் என்னைச் சுவரோரம் நிறுத்திப் படமெடுத்தார். மறுநாள் ஒட்டினேன். மதியம் சாப்பாடு முடிந்ததும் என் கணவரின் விரல் சோற்றைத் தொட்டது. பிறகு மெல்ல நகர்ந்து என் முகத்தில் நின்றது.

வேலைக்குப் போன காலமெல்லாம் மதியம் போன் செய்து, "துன்ட்டியா?" என்று, நான் சாப்பிட்டேனா என்பது ஒன்றைத்தான் கேட்பார்.

டைரியைப் புரட்டினேன். அவர் சோற்றைத் தொட்டது எல்லா நாளும் ஒன்றரை மணியை ஒட்டியே. நான் சாப்பிட்ட நேரத்தை ஒரு நாள்கூட எழுதியிருக்கவில்லை. அவருக்கான வேலையெல்லாம் முடித்து நான் சாப்பிட உட்கார மூன்றாகிவிடும்.

"இன்னும் இல்லை" என்றேன். தட்டை என் பக்கம் தள்ளினார்.

படத்தாள் செய்கிறவர்கள் உங்கள் முகத்தை முதலில் ஒட்டுங்கள். பேச முடியாதவர்களுக்கும் நம்மிடம் கேட்க ஏதாவது இருக்கும்.

ஒரு நொடிக் கேள்விக்கு இப்போது அரை நிமிடம் ஆகிறது. விரல் சோற்றிலிருந்து என் முகத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்கிறேன். மூன்று மணிக்குப் பழகிய வயிறு, இப்போது ஒன்றரைக்கே பசிக்கிறது.