அணித்தலைவி வெளியேறிய ஆட்டம்

இடது கெண்டைக்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையை அக்கா உயர்த்திய கணம் இன்றும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. திருகோணமலை மைதானத்தில் பெண்கள் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. இரு அணிகளும் ஒவ்வொரு கோல் போட்டுச் சமமாக நின்றன. நான் எங்கள் கோல்காப்பாளர். நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைத்தவர் எங்கள் அணித்தலைவி. குச்சவெளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர்.

தொடக்கத்தில் நாங்கள் ஆடியதை ஆட்டம் என்றே சொல்ல முடியாது. எதிரணியிடம் பந்து போனதும் எல்லோரும் ஓடிவந்து என் முன்னால் கூட்டமாக நிற்பார்கள். அடிக்க அடிக்கத் தடுப்போம், கடைசியில் தோற்போம். அதை மாற்றியவர் அக்காதான். பந்து எதிரணியின் பின்வரிசையில் இருக்கும்போதே எங்கள் முன்வரிசை மூவரும் பாய வேண்டும். ஒருத்தி பந்து வைத்திருப்பவளை நெருக்க, மற்ற இருவரும் அவள் பந்தைக் கொடுக்கக்கூடிய வழிகளை மறிக்க வேண்டும். நடுவரிசை அவர்களுக்குப் பின்னால் ஏற, பின்வரிசை நடுக்கோடுவரை போய்விடும். அப்படிப் பறித்த பந்து அவர்களுடைய கோலுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் ஒருத்தி ஓடாமல் விட்டாலும் அந்த இடைவெளியால் பந்து வெளியே வந்துவிடும். பிறகு எனக்கு முன்னால் பாதி மைதானம் வெறுமையாகக் கிடக்கும். இன்று டிவியில் பெரிய அணிகள் இப்படி ஆடுவதைப் பார்க்கும்போதுகூட, என் பார்வை தனியே நிற்கும் அந்தக் கோல்காப்பாளரிடம்தான் போகும்.

“அப்ப எனக்கு முன்னால ஆர் நிக்கிறது?” என்று முதல் நாளே கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லை. நீயும் முன்னுக்கு வா,” என்றார் அக்கா.

அவருடைய அப்பா கடற்தொழில் செய்பவர். மகள் பந்துக்குப் பின்னால் ஓடுவது அவருக்குப் பிடிக்காது. ஓர் ஆட்டத்துக்கும் வந்ததில்லை. இறுதிப் போட்டிக்கு வருவதாக அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். முதல் பாதி முழுவதும் அக்காவின் பார்வை வாசல் பக்கம் போய்ப் போய் வந்தது. பஸ் பிந்தியதால், இரண்டாம் பாதி தொடங்கிய பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். அவர் கதிரையில் அமர்வதைக் கண்டு அக்கா சிரித்த சிரிப்பு எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில், முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த அக்காவின் கால் பிடித்துக்கொண்டது. நீவிவிட்டு ஓடினார், மறுபடி பிடித்தது. அவர் பிந்திய இடத்தால் பந்து இரண்டு முறை என்னை நோக்கி வந்தது. நான் வெளியே ஓடிவந்து உதைத்துத் தள்ளினேன். அப்போதுதான் அவர் கையை உயர்த்தினார்.

பயிற்றுவிப்பாளர் கோட்டருகே நின்று கத்தினார். “நீ ஓட வேண்டாம், முன்னுக்கு நிண்டால் போதும். பந்து வந்தால் நீ அடிப்பாய்!”

“நான் நிண்டால் மற்ற ஆக்கள் ஓடுறது வீண், சேர். மாத்துங்கோ.”

அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்க்காமலே நொண்டி நொண்டி வெளியேறினார். அவருக்குப் பதிலாக இறங்கியவளுக்குப் பந்து காலில் நிற்காது, ஆனால் ஓடுவாள். எதிரணியின் பின்வரிசைக்காரி ஒருத்தியிடம் பந்து போனதும் கத்திக்கொண்டே அவளை நோக்கிப் பாய்ந்தாள். அந்தப் பெண் பதறிப்போய்ப் பந்தை நடுவே தள்ள, அங்கே ஏற்கெனவே எங்கள் இன்னொரு முன்வரிசைக்காரி நின்றிருந்தாள். கோல்! எல்லோரும் அந்தப் பக்கம் கட்டிப்பிடித்துக் குதிக்க, நான் இந்தப் பக்கம் தனியாக நின்று குதித்தேன்.

அந்தக் கோலோடு நாங்கள் வென்று ஆட்டம் முடிந்ததும் அக்காவிடம் ஓடினேன். காலில் ஐஸ் வைத்துக்கொண்டு, மைதான ஓரத்து நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில் நின்றார்.

“இவ்வளவு தூரம் வந்தும் நீ விளையாடினதை நான் வடிவாப் பாக்கேல்லையே.”

“நீங்கள் பாத்தது என்ட விளையாட்டுத்தான், அப்பா.”

அவர் மைதானத்தின் பக்கம் கையை நீட்டினார். “கடைசியா வந்த பிள்ளை பந்தைத் தொடவே இல்லை. ஆனால் அவள் ஓடாட்டி அது கோல் இல்லை, என்ன?”

“ஓம் அப்பா.”

“அப்ப முதல்ல இருந்து சொல்லு. ஆர் முதல் ஓடுறது?”

அவர் வாங்கில் அமர்ந்தார். அக்கா குனிந்து, கீழே கிடந்த வெறும் தண்ணிப் போத்தல்களை எடுத்து, முன்வரிசை, நடுவரிசை என்று ஒவ்வொன்றாக அவர் முன்னால் புல்லில் நிறுத்தத் தொடங்கினார்.