வெள்ளைக் காரில் குங்குமப் பொட்டு

என் காரைச் செய்த கம்பனி இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், பழைய குதிரை லாயமொன்றில் தொடங்கியது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார்தான் அவர்களுடைய ஒரே சரக்கு. முழுக் காராக விற்றால் வரி கூட. ஆகவே பாகங்களைப் பெட்டியில் அனுப்பி, வீட்டில் நீங்களே பொருத்திப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள்.

அப்படியொரு கார் பாதி பூட்டியபடியே நோர்வேயில், துரொண்ட்ஹெய்ம் நகரில் ஒரு கொட்டிலில் கிடந்து என்னிடம் வந்தது. நாங்கள் குடியிருக்கும் அம்மருட்டில், எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழே ஆறு பனிக்காலம் அதனோடு மல்லுக்கட்டினேன். பழைய கார்ச் சங்கத்தின் பதிவேட்டில் அது ஏறவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பரிசோதகர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. கம்பனி அனுப்பியபடி இல்லை என்று அவர் தள்ளிவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

ஞாயிறு காலை மனைவி மறித்தாள்.

"பூசை செய்யாமல் வாகனம் ஓடுறதோ?"

"இது புதுசில்லையப்பா. என்னைவிட வயசு கூட."

"நீங்கள் இப்பதானே ஓடப் போறியள்?"

கோயில் வாசலில் ஐயர் குனிந்து பார்த்து, "மிச்சக் கார் எங்கை?" என்றார். நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன்மூடியில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமத்தைத் தாராளமாக அழுத்தினார். வெள்ளைப் பெயின்ற் அடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து கழுவினால் சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி இன்னொரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள்.

பரிசோதகர் என் வயதுள்ள ஒரு நோர்வேக்காரர். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கடைசியாகப் பொட்டில் விரலை வைத்தார். இது கம்பனியில் வந்ததா என்று கேட்டார். இல்லை, நேற்றுக் கோயிலில் வந்தது என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். அந்தக் கம்பனி எந்தக் காரைத்தான் முடித்து அனுப்பியது, வாங்கியவர்கள்தானே முடித்தார்கள், பொட்டை அழிக்கவேண்டாம் என்றார். பதிவுத் தாளை என்னிடமே நீட்டினார். தொடங்கிய இடம்: இங்கிலாந்து. முடித்த இடம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

அம்மருட் என்று எழுதினேன். சந்தோசத்தில் எழுத்துக் கோணிப்போனது.

"கொஞ்சம் வடிவாய் எழுதுங்கோவன்," என்றாள் பின்னால் நின்று எட்டிப் பார்த்த மனைவி.