அக்காவை இடித்தவரும் என்னை இடித்தவரும்

அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில் நான் போய்வந்த பிசியோதெரபி நிலையத்தில், கதவின் மேல்சட்டத்தில் ஒரு சின்னக் கப்பி மாட்டியிருப்பார்கள். அதில் ஓடும் கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் கீழே இழுத்தால், மறுமுனையைப் பிடித்திருக்கும் நோயாளிக் கை மேலே ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படி இழுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அறுபதை ஒட்டிய வயது. வெள்ளையும் கறுப்புமான கூந்தலை அழகாகக் கொண்டை போட்டிருந்தார். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை எழுப்பி நிறுத்தினார்கள். ஓர் அடி வைத்தவர், யாரிடம் என்றில்லாமல், "என்ர அம்மா" என்றார். தமிழ்க் குரல் கேட்டதும் நான் கயிற்றை விட்டுவிட்டேன். தோளில் சுரீரென்றது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் இதய மருத்துவர். அக்காவும் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் திண்டுக்கல்லிலிருந்து வந்து, ஒரு பல் கிளினிக்கில் பற்களைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். முதல் நாள் அவரை ஆன்ட்டி என்று அழைத்தேன். "ஆன்ட்டி எண்டு கூப்பிட்டால் எனக்கு வயசு போட்டுது எண்டெல்லோ வரும். அக்கா எண்டு கூப்பிடும் பிள்ளை" என்றார். அன்றிலிருந்து அக்காதான். வாரத்தில் இரண்டு மூன்று காலைகள் அடுத்தடுத்த மேசைகளில் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு வலியோடு பேசிக்கொண்டிருப்போம்.

இருவருக்கும் நேர்ந்தது கார் விபத்துதான். வேலை முடிந்து, ஃப்ரீவேயைக் குறுக்கே கடக்கும் தெருவில் வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பச்சை. ஃப்ரீவேயிலிருந்து இறங்கிய ஒரு பிக்கப் வண்டி சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்து என் வலப்பக்கத்தில் மோதியது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த வலது தோளின் உள்ளே தசைநார் கிழிந்துபோனது. ஓட்டி வந்தவர் கூரை வேய்கிற வேலைக்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை மன்னிப்புக் கேட்டபடியே நின்றார். அக்காவை இடித்தவர் ஒரு முதியவர். மளிகைக் கடையின் பார்க்கிங்கில் காரைப் பின்னால் எடுக்கும்போது பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டார். அக்காவின் இடுப்பும் இடது காலும் நொறுங்கின. காயத்தை வைத்துப் பார்த்தால் அக்காவுடையதுதான் பெரிது. இதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஆனால் என்னை இடித்தவரிடம் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச லயபிலிட்டிதான் இருந்தது. லயபிலிட்டி என்பது நாம் அடுத்தவருக்கு விளைவிக்கும் சேதத்துக்காக நாம் எடுத்து வைக்கும் இன்சூரன்ஸ். அவர் வைத்திருந்த தொகை, ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி, முதல் ஸ்கேன் ஆகியவற்றோடு கரைந்துவிட்டது. மேற்கொண்டு வழக்குப் போட்டாலும் அவரிடமிருந்து எடுக்க எதுவும் இல்லை என்றார் வக்கீல். இடித்தவரின் இன்சூரன்ஸ் போதாதபோது நம் பாலிசியே ஈடுகொடுக்கிற ஒரு பிரிவு உண்டாம், அது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "நாம ஒழுங்காத்தானே drive பண்றோம், அது எதுக்குன்னு வேணாம்னு sign பண்ணிட்டேன்" என்று காரில் ஏறிய பிறகு சொன்னார். அதற்குப் பிறகு பல நாட்கள் நான் அவரோடு பேசவில்லை.

அக்காவை இடித்த முதியவரோ பெரிய தொகைக்கு லயபிலிட்டி வைத்திருந்தார். அதற்கு மேலும் அம்பிரெல்லா என்று ஒன்று. கார் பாலிசி தீர்ந்துபோனால் அதன் மேல் குடைபோல விரிகிற இன்னொரு பாலிசி. கணக்காளர் என்பதால் அக்கா இதையெல்லாம் கடைக்கணக்கு சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாக இல்லை. ஏற்கெனவே டாக்டர் வீடு. ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது. இடிபடுவதிலும் இவருக்கு இப்படி ஓர் அதிர்ஷ்டமா என்று என் நெஞ்சு எரிந்தது. கை தேறாவிட்டால் நான் வேலைக்குத் திரும்ப முடியாது. அவர் வேலைக்குத் திரும்பவேண்டியவரே இல்லை. இதை மனதில் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் நியாயம் என் பக்கமே இருப்பதாகப் பட்டது.

என் ஹெல்த் இன்சூரன்ஸ் அந்த வருடத்துக்கு அனுமதித்த தெரபி நாட்கள் தீர்ந்துபோயின. கை நெஞ்சு மட்டம்வரைதான் ஏறியிருந்தது. அக்காவுக்கோ, செட்டில்மென்ட் பணம் வந்ததும் கொடுத்தால் போதும் என்று நிலையத்தார் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். கடைசி நாளன்று நான் மேசையிலிருந்து இறங்கும்போது, "உங்களுக்கென்னக்கா, உங்கள இடிச்சவரு நல்லவரா அமைஞ்சுட்டாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அக்கா சிரித்தார். "மாப்பிள்ளை அமைஞ்ச மாதிரியெல்லோ சொல்லுறீர்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அந்தாள் நல்லவரோ கூடாதவரோ எனக்குத் தெரியாது பிள்ளை. ஒரு நாளும் கதைச்சதில்லை. என்னை இடிக்க முதல் வருசா வருசம் ஒழுங்காக் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான்" என்றார். காலைத் தடவியபடி, "இது இனி முந்தின மாதிரி வராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். இரக்கப்படவேண்டிய இடம் அது என்று தெரிந்தது. ஆனால் நாளைக் காலையும் அவருக்கு இந்த மேசை உண்டு, எனக்கு இல்லை என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

செட்டில்மென்ட் முடிந்த பிறகு அக்கா வீட்டில் சக்கர நாற்காலி போகச் சரிவுப் பாதை கட்டினார்கள். குளியலறையை இடித்துப் புதிதாக்கினார்கள். கொல்லையில், நீருக்குள் நின்று பயிற்சி செய்ய ஒரு வெந்நீர்த் தொட்டி வைத்தார்கள். அக்கா போன் செய்தார். "தண்ணிக்குள்ள கை பாரமில்லாமல் எழும்பும். வாரும், விரும்பின நேரம் வந்து செய்யும்" என்றார். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். கை இழுத்துக்கொண்டு போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். கையைத் தளர விட்டேன். மாதக்கணக்காக நெஞ்சு மட்டத்தில் நின்றுபோன கை, யாரும் தூக்காமல் தானே மிதந்து, தோள் உயரத்துக்கு வந்தது. அக்கா கரையில் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினார். "பாரும், பாரும், எழும்புது" என்றார். நான் அழுதேன். மகிழ்ச்சியில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். இந்தத் தண்ணீர் எனக்கும் கிடைத்திருக்கும், ஆள் மட்டும் மாறி என்னை அந்த முதியவர் இடித்திருந்தால் போதும் என்ற ஆத்திரத்தில்தான் அழுதேன். அவர் கொடுத்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். பிறகு அங்கே போகவில்லை. அவர் இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். வேலை என்றேன். எனக்கு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா பிறகு வீட்டை விற்றுவிட்டு, மகளோடு இருக்க டொராண்டோவுக்குப் போய்விட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுவார். கைத்தடியோடு பனியில் நடப்பதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார். என் கை எப்படி என்று கேட்பார். பரவாயில்லை என்பேன். கை முழுதாக மேலே போகவில்லை. நாள் முழுக்கக் கையைத் தூக்கி வைத்திருக்கவேண்டிய வேலை அது. அதே கிளினிக்கில் இப்போது முன்மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பற்களின் இன்சூரன்ஸுக்காகப் போன் செய்கிறேன். எனக்குப் பின் வந்த ஹைஜீனிஸ்ட் உள்ளறையில் இயல்பாகக் கையைத் தூக்கி விளக்கை இழுப்பது கண்ணாடி வழியே தெரியும். பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

சென்ற மாதம் என் மகளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. பாலிசியில் அவள் பெயரைச் சேர்க்க ஏஜென்டிடம் போனில் பேசினோம். அவரும் நம் ஊர்க்காரர்தான், கோயம்புத்தூர். "பொதுவா மேடம், உங்க வீடு, சேவிங்ஸ் எவ்வளவோ அதுக்கு match ஆகற மாதிரி லயபிலிட்டி எடுத்தா போதும். கேஸ் வந்தாலும் உங்க சொத்து சேஃப்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். அந்த விபத்துக்குப் பிறகு எந்த பாலிசியிலும் அவர் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை.

"எங்க சொத்து இருக்கட்டும் சார்" என்றேன். "இவ யார் மேலயாவது மோதிட்டா அவங்களுக்கு எவ்வளவு வேணும்?"

"அதுக்கு லிமிட் இல்ல மேடம்" என்றார் ஏஜென்ட்.

"அப்ப நீங்க குடுக்கறதுலயே பெருசு எதுவோ அதப் போடுங்க. மேல அம்பிரெல்லாவும் வேணும்."

"Mom, I'm not gonna hit anybody" என்றாள் மகள். "சரிடா" என்றேன்.

கையெழுத்துப் போட்டு முடித்தோம். அவள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் ஒழுங்காக நின்று, இருபுறமும் பார்த்து, மெதுவாகத் திரும்பினாள். நல்லது செய்த திருப்தி எனக்குள் வரும் என்று ஜன்னலருகே நின்று காத்திருந்தேன். வரவில்லை. இந்த ஊரில் எங்கோ, காரில் ஒருத்தி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். என்றாவது என் மகள் அவளை இடித்தால், அவளுக்கு எல்லாம் கிடைக்கும். மேசை கிடைக்கும், தண்ணீர் கிடைக்கும், கை முழுதாக மேலே ஏறும்வரை நாட்கள் கிடைக்கும். அது நடக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முகம் தெரியாத அவள் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.